எழுவான்கரையும் படுவான்கரையும்: ஐந்து நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள், மருதமுனை

இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையிலிருந்து மட்டக்களப்புப் பக்கம் பஸ் ஏறினால் சில நிமிடங்களில் மருதமுனை, கைத்தறி நெசவு ஊர். கடைகளில் தொங்கும் சாரங்களையும் சேலைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோரே அதிகம். கடைக்குப் பின்னால் தறி ஓடும் வளவுக்குள் நுழைந்தால்தான் இந்த ஊர் விளங்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையோரத்தில் உயிர்களையும் வீடுகளையும் தறிகளையும் ஒன்றாகக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் தறிச் சத்தம் கேட்கிறது.

தறியைக் கணக்கிலிருந்து தொடங்கினால் லேசாக விளங்கும். நீளவாக்கில் போவது பாவு, குறுக்கே போவது ஊடை. பாவு இழைகளைச் சீப்புப் போலப் பிரித்து வைப்பது அச்சு. 60ஆம் இலக்க அச்சு என்றால் 2 அங்குலத்துக்கு 60 பல். பல்லுக்கு 2 இழை என்பதால் அங்குலத்துக்கு 60 இழை வரும். 48 அங்குல அகலத் துணிக்கு 2,880 இழைகள். ஒவ்வோர் இழையும் முதலில், பாவைத் தூக்கி இறக்கும் விழுதின் கண்ணுக்குள்ளாலும் பிறகு அச்சுப் பல்லுக்குள்ளாலும் போக வேண்டும். பழைய பாவு முடியும்போது அதன் நுனியில் புதிய பாவை இழைக்கு இழை பிணைத்துவிட்டால் கோர்க்கும் வேலை மிச்சம்.

கோர்ப்பதில் ஓர் இழை இடம் மாறினால் துணி முழுநீளத்துக்கும் ஒரு கோடு ஓடும். புதிய பாவில் முதல் 2 அங்குலம் நெய்ததும் நிறுத்தி, துணியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். அங்கே கண்டால் கால் மணி நேரத் திருத்தம். 2 யார் (கெஜம்) கழித்துக் கண்டால் அந்தத் துண்டு இரண்டாந்தர விலைக்குத்தான் போகும்.

இன்று அதிக நேரம் நின்று பார்த்தது கரை இழுக்கும் பிரச்சினையை. நெய்த துணியின் ஓரம் உள்ளே சுருங்கி, ஓர இழைகள் நெருங்கி, கடைசியில் அச்சுப் பல் அவற்றை அறுக்கிறது. தறியில் இருப்பவருக்குத் தெரிவது ஓரம் மட்டுமே, ஆகவே நூல் சுற்றித் தந்தவர் மேல்தான் முதல் குற்றம் விழும். “தார் இறுக்கமாச் சுத்திருக்கு.” ராட்டையில் இருக்கும் பெண் விடமாட்டார், அண்ணனை இங்கே காக்கா என்பார்கள். “தார் சரியாத்தான் சுத்தினன் காக்கா, நாடாவப் பாருங்க.”

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடியதே. ஊடையைப் பாவுக்குக் குறுக்கே கொண்டுபோவது நாடா, தார் என்பது அதற்குள் வைக்கும் ஊடை நூல் குச்சி. அடி தடித்து நுனி ஒடுங்கி, கூம்பாகச் சுற்ற வேண்டும், நுனியில் அரை அங்குலம் வெறுமையாக விட வேண்டும். தளர்வாகச் சுற்றினால் நாடா ஓடும் வேகத்தில் நூல் கொத்தாகக் கழன்று துணியில் முடிச்சாக விழும். நடுவே புடைத்திருந்தால் நூல் சிக்கிச் சிக்கி வரும், அந்த இழுப்பு கரையில் தெரியும். தார் நன்றாக இருந்து, நாடாவில் நூல் வெளிவரும் கண் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலும் அதே இழுப்புத்தான். இவை இரண்டும் இல்லாவிட்டால் துணியை அகலமாக விரித்துப் பிடிக்கும் விரிகோலை நெய்பவர் நேரத்துக்கு நகர்த்தவில்லை. இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு தடவை நகர்த்த வேண்டியதை அரை அடி போகும்வரை விட்டிருப்பார்.

கண்டுபிடிக்கும் வழி இதுதான்: அதே தாரை வேறு நாடாவில் போட்டு ஓட்டிப் பார்ப்பது. கரை நேரானால் குற்றம் நாடாவில். மாறாவிட்டால் வேறு தாரை அதே நாடாவில் போட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். செய்யாமல் விட்ட இடத்தில் இரண்டு பேரும் நாள் முழுக்க முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள். ராட்டையில் ஒரு வருடமாவது இருந்த பிறகு தறிக்கு வந்தவர் முதலில் தாரைத் தடவிப் பார்க்கிறார், பிறகுதான் வாய் திறக்கிறார். இந்த ஊரில் தறிக்கு வரும் பிள்ளைகளை முதலில் ராட்டையில் இருத்தும் பழக்கம் எங்கெல்லாம் மிஞ்சியிருக்கிறதோ அங்கே துணியும் நன்றாக இருக்கிறது, வளவுக்குள் சத்தமும் குறைவு.

நிறத்திலும் இதே கதை. நெய்பவரின் கண் துணியிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கிறது, வாங்குபவர் பத்தடியில் நின்று பார்க்கிறார். சிவப்புப் பாவில் பச்சை ஊடையை இழைக்கு இழை மாற்றி நெய்தால் கிட்டத்தில் இரண்டும் தனித்தனியாக மின்னும், எட்ட நின்றால் மங்கிய கபிலமாகிவிடும். நூல் உருண்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறம் தெரிவு செய்தால் இந்தப் பிழை வரும். ஆறு அங்குலம் மாதிரி நெய்து, வாசலுக்குக் கொண்டுபோய், எட்ட நின்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கட்டங்கள் அரை அங்குலத்துக்கு மேல் என்றால் நிறம் கலக்காது, பயமில்லாமல் போடலாம்.

மத்தியானத்துக்குப் பிறகு கச்சான் காற்று எழும்பியது. மலைநாட்டைத் தாண்டி மேற்கிலிருந்து காய்ந்து சூடாக இறங்கும் காற்று. ஈரம் இழந்தால் பருத்தி இழையின் பலம் குறையும், பாவுக்குப் போட்ட கஞ்சியும் மொறுமொறுத்து உடையும். காலையில் ஒழுங்காக ஓடிய பாவு பின்னேரத்தில் மாறி மாறி அறுவது இதனாலே. நிலத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள், மேற்குப் பக்க யன்னலுக்கு ஈரச் சாக்குத் தொங்கவிடுகிறார்கள். கஞ்சியில் சில துளி தேங்காயெண்ணெய் சேர்ப்பதும் இழை வளைந்துகொடுக்கவே. சந்தையிலிருந்து வரும் முதலாளிக்குக் கச்சான் காலத்தில் உற்பத்தி குறைவது சோம்பலாகத் தெரியும். தறியில் ஒரு பின்னேரம் இருந்து பார்த்தால் அப்படித் தெரியாது.

இரண்டாம் நாள், காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கே

காரைதீவில் இறங்கினால் சுவாமி விபுலாநந்தரின் ஊர். 1892இல் இங்கே பிறந்தவர், பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவர். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். வழக்கொழிந்த யாழைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து மீட்கும் வேலையில் அவர் கையில் இருந்தவை இரண்டு: இலக்கியப் பயிற்சியும் அதிர்வு, நரம்பின் நீளம் என்ற கணக்கும். புலவர்கள் உவமையாகக் கடந்துபோன வரிகளை அவர் அளவுகளாகவும் வாசித்தார். 1947இல் யாழ் நூல் வெளிவந்தது, அதே வருடம் மறைந்தார்.

சந்தியிலிருந்து அம்பாறை வீதியில் சம்மாந்துறையைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இப்போது சிறுபோகம், காய்ந்த காலத்து நெற்செய்கை. வானம் பார்க்கும் காலமில்லை, சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர்தான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டி உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. அங்கிருந்து பெருங்கால்வாய், அதிலிருந்து கிளை வாய்க்கால், கிளையிலிருந்து வயல் வாய்க்கால், அதிலிருந்து வரம்பில் வெட்டிய வாய்.

வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவர் ஒரு நாளும் வெறும் வாய்க்காலைக் கண்டதில்லை. ஆகவே அவர் கண்ணில் தண்ணீர் தாராளம், இரவில் வாயைத் திறந்துவிட்டுப் போவது பிழையாகப் படாது. கடைசி வயல்காரர் காண்பது சேறும் புல்லும். “மேல உள்ளவன் மறிச்சிட்டான்” என்பார். போய்ப் பார்த்தால் பாதி நேரம் யாரும் மறித்திருக்கமாட்டார்கள். வாய்க்காலில் மண் படிந்து புல் வளர்ந்தால் தண்ணீர் மெதுவாகும், மெதுவானால் மட்டம் உயரும், உயர்ந்தால் தலைப்பு வாய்களுக்குள் தானாகவே கூடப் போகும். தலைப்புக்காரர் கைவைக்காமலே கடைசிக்காரருக்குக் குறைகிறது. இது விளங்காவிட்டால் சண்டை, விளங்கினால் மண்வெட்டி.

கல்லோயாவின் இந்த இடதுகரைக் கால்வாய்ப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில் நடந்ததை நீர்ப்பாசனம் படிப்பவர்கள் உலகெங்கும் இன்றும் கற்கிறார்கள். தலைப்புப் பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர், கடைப் பகுதியில் தமிழ் பேசுவோர். கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கமக்காரரை ஒன்றுசேர்க்க இளம் அமைப்பாளர்களை ஊர்களில் தங்கவைத்தன. 1981இல் அவர்கள் வந்திறங்கியபோது நீர்த்தேக்கம் ஏறத்தாழக் கால்வாசிதான் நிறைந்திருந்தது. வீடு வீடாகப் போய் வாய்க்கால் அளவில் சின்னக் கூட்டங்கள் வைத்தார்கள். சில கிழமைகளுக்குள் கமக்காரர் தாங்களே வாய்க்கால் துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விடத் தொடங்கினார்கள். பணம் கொடுத்துச் செய்வித்ததல்ல. தலைப்புக்காரர் பலர் அதற்குமுன் வாய்க்காலின் கடைசிவரை நடந்து பார்த்ததே இல்லை.

முறை வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கடைசி வயலிலிருந்து முறையைத் தொடங்கினால் வாய்க்கால் முழுவதும் துப்புரவாக இருந்தே ஆகவேண்டும், தண்ணீர் அங்கே போய்ச் சேர்வதே சான்று. தலைப்பிலிருந்து தொடங்கினால் தங்கள் பங்கு முடிந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வாய்க்கால் நீளம் கூடினால் ஈரம் பிடிக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காய்ந்த வாய்க்கால் முதலில் தான் குடித்த பிறகே வயலுக்கு விடும். ஆகவே கடைசி வயலுக்கு மற்றவர்களைப் போல அதே மணித்தியாலங்களைக் கொடுத்தால் அது சமமான பங்கு அல்ல.

மூன்றாம் நாள், பெரியகல்லாறு

பெரியநீலாவணையைத் தாண்டியதும் மட்டக்களப்பு மாவட்டம். கல்லாற்றுப் பாலத்தில் இறங்கினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவிக்குக் கடலோடு இரண்டு வாய்: தெற்கே இது, வடக்கே பாலமீன்மடு. சூரியன் எழும் பக்கத்து நிலம் எழுவான்கரை, சாயும் பக்கத்து நிலம் படுவான்கரை. தண்ணீரில் தோணியில் இருப்பவர் வைத்த பெயர்களாகத்தான் இருக்க வேண்டும். எந்தக் கரையில் குடியிருந்தாலும் அங்கிருந்து பார்த்தால் சூரியன் எழும்பவும் செய்கிறது, படவும் செய்கிறது.

காய்ந்த காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை மூடும். மாரியில் வெள்ளம் வந்ததும் “ஆற்றுவாய் வெட்டு” என்ற பேச்சு எழும். படுவான்கரை வேளாண்மைக்காரருக்கு அவசரம். பெரும்போகத்து இளம்பயிர் ஒரு கிழமைக்கு மேல் முழுதாக மூழ்கினால் அழுகும். மீன்பிடிப்பவர் வேறு கணக்கில் இருப்பார். வாய் திறந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும், அது அடுத்த மாதங்களின் வருமானம். ஆனால் ஒரேயடியாகத் திறந்தால் வாவித் தண்ணீரோடு உள்ளேயிருக்கும் மீனும் கடலுக்குப் போகும். வயல் உயரத்தில் உள்ளவருக்கோ அவசரமே இல்லை. தண்ணீர் சீக்கிரம் வடிந்து, பின்னர் உப்பு உள்ளே ஏறிவிடும் என்றுதான் அவர் பயம்.

வெட்டுவது எப்படி என்பதில் மூன்று பேருக்கும் பேச்சில்லை. மணல்மேட்டின் ஒடுங்கிய இடம் பார்த்து, வாவிப் பக்கம் மட்டும் அணையாக விட்டுவிட்டு, கடல்வரை ஒடுக்கமாக ஒரு வாய்க்கால் இழுப்பார்கள். கடல் வற்றும் நேரம் அந்த அணையை உடைப்பார்கள், அப்போதுதான் உள்மட்டத்துக்கும் வெளிமட்டத்துக்கும் உயர வேறுபாடு அதிகம். நம் கடலில் வற்றும் பெருக்கும் ஓர் அடி இரண்டடிக்குள்தான் என்பதால் அந்த ஓரடியும் பெறுமதியானது. தண்ணீரே மணலை அரித்துச் சில மணித்தியாலங்களில் வாயை அகலமாக்கும். வாவி மட்டம் போதிய உயரத்துக்கு வரமுன் வெட்டினால் ஓட்டம் பலவீனமாகி, அலை ஓரிரு நாளில் மீண்டும் மூடிவிடும். வேளாண்மையும் தப்பாது, இறாலும் வராது. நாள் குறிக்கும் கூட்டத்தில் வெட்டித் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். பயிரின் வயதும் வாவி மட்டமும் காகிதத்தில் இருக்கும், மணலின் இறுக்கம் காலால் மிதித்தவருக்குத்தான் தெரியும்.

நான்காம் நாள், கல்லடியும் வந்தாறுமூலையும்

இன்று கூத்து. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணியும் ஆடுகிறார்கள். பாரதப் போர்க் கதைகள் பெரும்பாலும் வடமோடி. பெரிய பாரமான உடுப்பு, வேகமும் வீறும். தென்மோடியில் உடுப்பு இலேசு, காலடி நுணுக்கம் கூட, பாட்டு இழைந்து வரும்.

கூத்துப் பழக்குவதில் படிகள் உண்டு. ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டும் வசனமும் எழுதிக் கொடுப்பது சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். கால் பிடிபட்டதும் சதங்கை அணி விழா. அடுக்குப் பார்ப்பது முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிப்பார்ப்பது. அதன்பின் அரங்கேற்றம். சதங்கை கட்டும்வரை கால் செய்யும் பிழை கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், கட்டிய பிறகு ஊருக்கே கேட்கும். ஆகவே கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சதங்கைக்கு நாள் வைப்பது அவருடைய பெரிய தீர்ப்பு. முந்தினால் ஆட்டக்காரர் கூச்சப்பட்டுக் காலைத் தூக்கவே மாட்டார். பிந்தினால் தன் சத்தத்தைத் தானே கேட்டுத் திருத்தப் போதிய நாள் இராது.

பழக்குகையில் வரும் பிழைகளில் முக்கியமானது வாயும் காலும் பிரிவது. தாளக்கட்டை வாயால் சொல்லத் தெரிந்தவர் ஆடவும் தெரியும் என்று நினைத்துவிடுகிறார். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு, “சொல்லாம ஆடு மகன், மறுகா பாப்பம்” என்பார். வாய் மூடியதும் கால் தடுமாறும். பிறகு பாதி வேகத்தில், மத்தளமில்லாமல், சொற்கட்டுக்குச் சொற்கட்டு, நிலத்தை மிதிக்கும் சத்தம் மட்டும் கேட்க ஆடவைக்கிறார். களைப்பு வந்த பிறகும் கால் இடம் மாறாவிட்டால்தான் வேகம் கூட்டுவது.

கூத்து ஆடும் இடமான களரி வட்டமானது. நடுவில் அண்ணாவியாரும் மத்தளமும் சல்லரியும் பிற்பாட்டுக்காரரும், சுற்றிவர ஆட்டம், அதைச் சுற்றி நாலு பக்கமும் சனம். வட்டக்களரியில் ஆடுபவருக்கு முதுகு என்று ஒன்று இல்லை. எந்த நேரமும் யாரோ ஒருவருக்கு முன்னால்தான் இருக்கிறார். ஒரே பாட்டை இடம் மாறி மாறி ஆடுவது, எல்லாப் பக்கத்தாரும் முகம் காணவேண்டும் என்பதற்காக. பார்ப்பவருக்கும் ஆட்டத்தோடு எதிர்ப்பக்கத்துச் சனமும் தெரியும். யாருடைய மகன் ஆடும்போது எந்தத் தாய் எழும்பி நிற்கிறாள் என்பதும் கூத்தின் பகுதிதான்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இந்தக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அப்போது ஆட்டக்காரராக இருந்த சி. மௌனகுரு பின்னர் இதை ஆய்ந்தும் படிப்பித்தும் வளர்த்தார். விடியவிடிய நடப்பது சுருங்கியது. மத்தளம் ஓரத்துக்குப் போனது, பார்ப்பவர் ஒரே பக்கம் ஆனார்கள். படித்த சனம் கூத்தைத் திரும்பிப் பார்த்தது அந்த மேடையால்தான், அது சின்ன விசயமல்ல. ஆனால் மேடைக்குப் பழகிய காலைக் களரியில் விட்டால் உடனே தெரிகிறது. திரும்பும் இடத்தில் முழுச் சுற்று வராமல் முன்பக்கத்தை நோக்கியே நிற்பார், பின்னால் இருப்பவர்களுக்குக் குரலும் போகாது. களரியில் வளர்ந்தவரை மேடையில் விட்டால் மறுவளமாகப் பிழை. முக்கியமான அடியைச் சனத்துக்கு முதுகு காட்டி ஆடிவிடுவார். இரண்டுக்கும் ஒரே பயிற்சி போதாது. மேடைக்குப் போகும் பிள்ளைக்கும் முதல் வருடம் வட்டத்தில் பழக்கினால், வட்டத்திலிருந்து ஒரு பக்கத்தைக் குறைப்பது லேசு. ஒரு பக்கத்திலிருந்து வட்டத்துக்கு வருவது மிகக் கடினம்.

சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் கூட நின்றவர்களும் செய்த கூத்து மீளுருவாக்கம் வேறொரு வழி. கூத்தை ஊரிலிருந்து எடுக்காமல், ஊரிலேயே அண்ணாவியாரும் ஆடுபவரும் பார்ப்பவரும் கூடியிருந்து, கதைப்பாட்டில் பெண்ணைப் பற்றியும் சாதியைப் பற்றியும் என்ன சொல்லப்படுகிறது என்று கதைத்து மாற்றி எழுதினார்கள். மாற்றும் சொல் பழைய சொல்லின் மாத்திரைக்குள் அடங்க வேண்டும், எதுகை விழ வேண்டும், ஆடும் கால் மூச்சு விடும் இடத்தில் அடி முடிய வேண்டும். கருத்துச் சரியாக இருந்தும் இது தவறினால் பாட்டுக் களரியில் விழுந்துவிடும். அதைச் சொல்லும் உரிமையும் தெளிவும் அண்ணாவியாருக்குத்தான். கருத்தைக் கேட்கும் உரிமை அதுவரை ஓரத்தில் இருந்து பார்த்த பெண்களுக்கு. இரண்டு பகுதியும் ஒரே பாயில் இருந்ததுதான் அந்த முயற்சியின் பலம்.

ஐந்தாம் நாள், பாலமீன்மடு

விடியமுன் வெளிச்சவீட்டுப் பக்கம். தோணியில் இரண்டு பேர். முன்னால் வீச்சு வலைக்காரர், பின்னால் நீளக் கம்பால் தோணியைத் தள்ளுபவர்.

வலையின் கயிறு இடது மணிக்கட்டில். வலையைக் கையளவு கையளவாக மடித்து, விளிம்பில் மூன்றில் ஒரு பங்கை முழங்கையில் போட்டு, மற்றப் பங்கை வலது கையில் பிடித்து, இடுப்பைத் திருப்பி எறிகிறார். வட்டமாக விரிவது கைப்பலத்தால் அல்ல, இடுப்புத் திரும்பும்போது கடைசியில் விடும் விரலால். விரல் முந்தினால் வலை வாழைப்பழம் போல நீண்டு விழும், பிந்தினால் ஒரு பக்கம் மடிந்து மீன் தப்ப வழி விடும். ஈயக்குண்டு விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட வேண்டும். தொட்டால் “சல்” என்று ஒரே சத்தம், கோணினால் இரண்டு சத்தம். அடியில் வேரோ கல்லோ சிக்கினால் இழுக்கக் கூடாது. கயிற்றைத் தளர்த்தி, வலைக்கு நேர் மேலே தோணியைக் கொண்டுபோய், நிமிர்த்தித் தூக்க வேண்டும்.

எறிபவர் கண் தண்ணீரின் மேல் பத்தடி தூரத்தில். தள்ளுபவர் நின்றபடி இருப்பதால் இன்னும் எட்ட, மேலிருந்து, சுழியும் நிழலும் காண்கிறார். கம்பு நிலத்தில் படும்போது சேறா மணலா, எவ்வளவு ஆழம் என்பதும் அவருக்கே தெரியும். சத்தம் போட்டால் மீன் கலையும். அவர் கதைப்பதில்லை. தோணியின் மூக்கைச் சற்றே இடப்பக்கம் திருப்புகிறார், கம்பால் தோணிப் பக்கத்தில் ஒரு தரம் மெல்லத் தட்டுகிறார். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்காமலே இடப்பக்கம் எறிகிறார். ஒரே சத்தம். மணலை மீனும் மூன்று திரளியும், கொஞ்சம் இறாலும்.

கரையில் மீனைப் பிரிக்கும்போது பின்னால் நின்றவர் கேட்டது ஒன்றுதான்: “மச்சான், ரெண்டாவது வீச்சு ஏன் கொஞ்சம் பிந்தினது?” மற்றவர் வலையைத் தூக்கி விளிம்பைக் காட்டினார். இரண்டு ஈயக்குண்டு கழன்றிருந்தன. வெயில் ஏறமுன் இருவரும் மணலில் இருந்து அவற்றைக் கட்டத் தொடங்கினார்கள்.